ஐம்பத்தெட்டுப் பேரின் பல் அச்சு

அறிக்கை திரும்பி வந்தது. ஒரு பக்க அறிக்கைக்கு மூன்று பக்கக் கேள்வி.

டொக்டர் அஸ்ஹர் கடிதத்தை நின்றபடியே வாசித்தார். பிறகு உட்கார்ந்து வாசித்தார். உட்கார்ந்து வாசித்தபோதும் அது மாறவில்லை.

1995 முடிவில், அவர் இங்கிலாந்தில் மேற்பயிற்சியில் இருந்தபோது, ஆஸ்பத்திரியில் அவர் பொறுப்பாயிருந்த பல் சீரமைப்புப் பிரிவிலிருந்து கொழும்பு மதிப்பாய்வுக் குழுவுக்கு ஒரு சிகிச்சைக் கணக்காய்வு அறிக்கை போயிருந்தது. காசுக் கணக்கல்ல. கம்பி போட்ட பிள்ளைகளின் பற்கள் உண்மையில் நேராகினவா என்ற கணக்கு. அதில் ஒரே ஒரு வசனம் இருந்தது: ‘சிகிச்சை பெற்றோரில் எண்பத்தைந்து வீதமானோர் பூரண பலன் அடைந்துள்ளனர்.’ மேலே ஆஸ்பத்திரியின் பெயர். கீழே கையொப்பம்.

குழு கேட்டிருந்தது: எத்தனை பேரில் எண்பத்தைந்து வீதம்? அவர்களைத் தெரிவு செய்தவர் யார்? எதைக் கொண்டு அளந்தீர்கள்? அளக்காமல் விடப்பட்டவர்கள் எத்தனை பேர், ஏன்? ஒக்டோபர் முடிவதற்குள் பதில் வராவிட்டால் பிரிவு மூடப்படும். நோயாளி உட்காரும் கதிரையும் கம்பிகளும் வேறு மாவட்டத்துக்குப் போகும்.

கேள்வி ஒன்றும் பிழையில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. அவரே கேட்டிருப்பார்.

கடிதத்தோடு டொக்டர் முத்தலிபின் அறைக்குப் போனார். ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பானவர் முத்தலிப். அறிக்கையில் இருந்த கையொப்பம் அவருடையது.

“சேர், இந்த எண்பத்தஞ்சு எங்கால வந்த?”

முத்தலிப் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “நூறு எண்டு போட்டா நம்பமாட்டானுகள் எண்டு நெனச்சன்.”

அஸ்ஹர் கடிதத்தை மடித்தார். சொல்ல இருந்ததெல்லாம் மேலதிகாரியிடம் சொல்லக்கூடியதல்ல.

கல்முனையிலிருந்து தெற்கே பொத்துவில் வரைக்கும் பல்லுக்குக் கம்பி போட அந்த ஒரு கதிரைதான். அது போனால் கண்டிக்குப் போக வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள், வழி நெடுக இராணுவச் சென்றி. பிள்ளையை இறக்கி ஏற்றி, பையைக் கொட்டிக் காட்டி, மாதத்துக்கு ஒரு தடவை எந்தத் தாய் போவாள்? வாயில் கம்பியோடு இப்போது முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். கம்பியைக் கழற்றவாவது ஒருவர் வேண்டும்.

அளக்கிற முறை அவருக்குத் தெரியும். சிகிச்சைக்கு முன் வாயில் அச்செடுத்து பிளாஸ்டர் ஊற்ற வேண்டும். முடிந்த பிறகும் அப்படியே. இரண்டு அச்சையும் பக்கத்தில் வைத்து, கண்ணாடி போன்ற ஒரு சின்ன அடிமட்டத்தால் ஒவ்வொரு பல்லின் கோணலையும் அளந்து, முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்க வேண்டும். அடிமட்டத்தை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்திருந்தார். அச்சுகள்தான் வேண்டும்.

பதிவுப் புத்தகம் தாதி சுல்பிகாவிடம் இருந்தது. ஐந்து வருடத்தில் நூற்று நாற்பத்து மூன்று பேர். முடிந்தவர்கள் ஐம்பத்தெட்டு. பாதியில் நின்றவர்கள் ஐம்பத்தைந்து. மிச்சம் முப்பது பேர் வந்துகொண்டிருப்பவர்கள். புத்தகம் சுத்தமாக இருந்தது. அவருக்கு முதல் தடவையாக மூச்சு வந்தது.

அடுத்த அறையில் பிளாஸ்டர் ஊற்றுகிற செல்லத்தம்பி அலுமாரியைத் திறந்தார். தட்டுத் தட்டாக வெள்ளைத் தாடைகள்.

“முடிஞ்ச ஆக்கள்ர எது?”

“இந்தா சேர்.” நாலு சோடியை எடுத்து மேசையில் வைத்தார்.

“மிச்சம்?”

“குடுத்தாச்சு.”

“ஆருக்கு?”

“ஆக்களுக்குத்தான். அவங்கட பல்லுத்தானே சேர்.”

“செல்லத்தம்பி, ஆஸ்பத்திரிப் பதிவ ஆரும் வீட்ட குடுத்து விடுவாங்களா? ஆர் உங்களக் குடுக்கச் சொன்ன?”

செல்லத்தம்பி சுல்பிகாவைப் பார்த்தார். சுல்பிகா கூரையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சாமான் புத்தகத்தை எடுத்து வந்து, 1993 ஆகஸ்ட் என்ற பக்கத்தில் விரலை வைத்து நீட்டினாள். ‘இடமில்லை. முடிந்தவர்களின் அச்சுகளை வீட்டாரிடம் கொடுக்கலாம்.’ கீழே பச்சை மையில், வால் நீண்ட கையொப்பம். அஸ்ஹரின் கையொப்பம்.

அவருக்கு ஞாபகம் வந்தது. அலுமாரி நிறைந்து, பழைய அச்சுகளைக் குப்பைக் கிடங்கில் கொட்டியிருந்தார்கள். ஒரு தாய் தன் மகளின் பல்லைக் குப்பையில் கண்டு, வாசலில் நின்று ஆஸ்பத்திரியைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். அன்றைக்கு எழுதியது. இங்கிலாந்துப் பயணத்துக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. கணக்காய்வு என்ற சொல்லையே அவர் அப்போது கேட்டிருக்கவில்லை.

“மறுகா நாங்க என்ன செய்யிற சேர்,” என்றார் செல்லத்தம்பி. “நீங்க எழுதினா எழுதினதுதானே.”

அலுமாரியில் மிஞ்சியிருந்தவை பாதியில் நின்றவர்களின் பற்கள். அவற்றை மட்டும் அளந்து எழுதினால், ஐந்து வருடமாக இந்த ஆஸ்பத்திரி ஒரு பல்லைக்கூட அசைக்கவில்லை என்று வரும். நேராகிய பற்கள் எல்லாம் ஊருக்குள் எங்கேயோ இருந்தன.

ஐம்பத்துநாலு விலாசங்களை எழுதிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார்.

மாவடிப்பள்ளியில் றஹீமாவின் வீடுதான் முதல். அவருடைய மூத்த மகள் நுஸ்ஹாவுக்கு முன்பு மேல் வரிசைப் பல் உதட்டுக்கு வெளியே நின்றது. இரண்டு வருடம் வேலை செய்த வாய். அதைவிட நல்ல கேஸ் அஸ்ஹரிடம் இல்லை.

“அச்சா? தாட்டுட்டம் டொக்டர்,” என்றார் றஹீமா.

“என்னத்த?”

“பல்லத்தான். மண்ணுக்குள்ள.”

“ராத்தா, அது பல்லில்ல. பிளாஸ்டர்.”

“எங்கட புள்ளட வாயில இருந்து எடுத்ததுதானே. நகம் வெட்டினாலும் மண்ணுக்குள்ள போடுற. முடி இறக்கினாலும் போடுற. பால் பல்லு விழுந்தாலும் போடுற. இது முழு வாயும் அச்சொட்டா இரிக்கி. இத மட்டும் அலுமாரிக்கு மேல வெச்சுப் பாத்துக்கொண்டிரிக்கவா?”

அஸ்ஹரின் உம்மாவும் அப்படித்தான் செய்திருப்பார். கொடுக்கலாம் என்று எழுதியபோது இதை அவர் யோசித்திருக்க வேண்டும். கொழும்பில் பிறந்தவருக்கு அது தெரியாமல் போகலாம். இவர் நிந்தவூரில் பிறந்தவர்.

“எங்க தாட்ட?”

“கிணத்தடியில. தோடை மரத்துக்குக் கீழ.”

கிணற்றடி. மூன்று வருடம் வாளி வாளியாக ஊற்றிய தண்ணீர். றஹீமா மண்வெட்டி கொடுத்தார். அஸ்ஹர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தோண்டினார். ஒரு முழத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கையால் மண்ணை விலக்கி மெல்லத் தூக்கினார். முன் பற்கள் நாலும் விரலோடு வந்தன. மிச்சம் ஊறிய பாண் போல உள்ளங்கையில் உட்கார்ந்தது.

நுஸ்ஹா வாசலில் நின்று பார்த்துச் சிரித்தாள். ஒரு பல் கோணல் இல்லை. கொழும்பு கேட்ட சாட்சி அவர் முன்னால் சிரித்துக்கொண்டு நின்றது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

“மவள்ர வாயப் பாருங்களன்,” என்றார் றஹீமா. “நேராத்தானே இரிக்கி? இதக் கொழும்புக்கு எழுதுங்க.”

“முந்தி எப்பிடி இருந்த எண்டு காட்டணும் ராத்தா.”

“முந்தி எப்பிடி இருந்த எண்டு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். அல்லாஹ்வுக்குத் தெரியும். கொழும்புக்கு என்னத்துக்கு?”

“கொழும்புக்குத் தெரியாட்டிக் கதிரையக் கொண்டுபோயிருவாங்க.”

றஹீமா மண்வெட்டியை வாங்கிச் சுவரில் சாத்தினார். அவருடைய சின்ன மகளுக்குக் கம்பி போட்டு ஒன்றரை வருடம். “அப்ப எங்கட சின்னவள்ட பல்லு?”

“அதுக்குத்தான் நான் உங்கட கிணத்தடியக் கொத்துறன்.”

அவர் முந்தானையை இழுத்துச் செருகினார். “சாய்ந்தமருதில எங்கட சாச்சிட மகள் றபீக்கா இரிக்கா. அவட மகன்ட பல்லும் தாட்டதுதான். ஆனா அவக கடற்கரைப் பக்கம். மேட்டு மணல். தண்ணி நிக்காது. வாங்க, நான் வாறன். நீங்க தனியப் போய்ப் பல்லக் கிண்டப்போறன் எண்டா ஒரு வீட்டிலயும் விடமாட்டாக.”

அது உண்மை. றஹீமா இல்லாமல் போன இரண்டு வீட்டில் கதவே திறக்கவில்லை.

மூன்று வாரம் தோண்டினார்கள். சனி ஞாயிறிலும், கிளினிக் இல்லாத பின்னேரங்களிலும். றஹீமா முன்னால் ஓட்டோவில், டொக்டர் பின்னால் மோட்டார் சைக்கிளில். மருதமுனையில் ஒரு வீட்டில் தாட்ட இடத்துக்கு மேல் குசினி கட்டியிருந்தார்கள். இன்னொரு வீட்டில் எந்த மூலை என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை வந்து, இரண்டு மூலையும் கொத்தி ஒன்றும் கிடைக்கவில்லை. ஒல்லாந்தர் காலத்துச் செம்புக் காசு ஒன்று கிடைத்தது. நற்பிட்டிமுனையில் ஒரு வாப்பா கட்டோடு மறுத்தார். “தாட்டதக் கிளறுறது நல்லமில்ல டொக்டர். உங்கட உம்மாட்டக் கேட்டுப் பாருங்க.” அஸ்ஹர் கேட்கவில்லை. பதில் தெரியும்.

பதினொரு சோடி வெளியே வந்தது. அளக்கக்கூடியதாக மூன்று. மூன்றும் மேட்டு மணல்.

இந்துக்கள் வாழும் காரைதீவிலும் பாண்டிருப்பிலும் கதை வேறு. அங்கே ஒருவரும் தாட்டிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தட்டெழுத்து வேலை பார்க்கும் பாக்கியராசாவின் வீட்டில், மகள் தர்சிகாவின் பல் அச்சு கண்ணாடி அலுமாரிக்குள், கலியாணப் படத்துக்கும் வலைப்பந்துக் கிண்ணத்துக்கும் நடுவில் இருந்தது. பளபளவென்று இருந்தது.

“வெள்ளிக்கு வெள்ளி மனிசி கழுவி வைக்கிறவ சேர்,” என்றார் பாக்கியராசா பெருமையாக.

“எதால?”

“பல்லுத் தீட்டுற பிறஸ்சாலதான். வேறெதால?”

அஸ்ஹர் அச்சை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வெட்டுப் பற்களின் நுனி தேய்ந்திருந்தது. கோணல் மட்டும் அப்படியே இருந்தது. அளக்கலாம். கண்ணாடி அலுமாரிகளிலிருந்து ஏழு சோடி சேர்ந்தது.

திரும்பும் வழியில் சென்றியில் மறித்தார்கள். சிப்பாய் பையைத் திறக்கச் சொன்னான். உள்ளே மண் ஒட்டிய தாடைகள். அவன் ஓர் அடி பின்னால் போனான்.

“தத்,” என்றார் அஸ்ஹர். பல். சிங்களத்தில் அவருக்கு அதற்கு மேல் விளக்க வரவில்லை. மண் ஏன் என்று எந்த மொழியிலும் விளக்க வராது. அடையாள அட்டையையும் டொக்டர் என்ற அட்டையையும் மாறி மாறிக் காட்டி, முக்கால் மணி நேரம் நின்றார். கடைசியில் ஒரு மேஜர் வந்து, தன் கடைவாய்ப் பல்லைக் காட்டி மருந்து கேட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

அளந்து முடித்தார். அலுமாரியில் நாலு, கண்ணாடிக்குள் ஏழு, மண்ணுக்குள் மூன்று. மொத்தம் பதினான்கு. பன்னிரண்டு பேருக்கு நல்ல மாற்றம். ஒருவருக்குக் கொஞ்சம். ஒருவருக்கு முந்தியதைவிட மோசம்.

பன்னிரண்டைப் பதினான்கால் வகுத்தார். எண்பத்தைந்து தசம் ஏழு. திரும்ப வகுத்தார். அதேதான்.

முத்தலிப் கதிரையிலிருந்து எழும்பியே விட்டார். “பாத்தீங்களா! நான் சொன்னதே வந்திரிக்கி! இதுக்கா மூண்டு கிழம ஊரக் கொத்தின?”

“இது வேற எண்பத்தஞ்சு சேர்.”

“எண்பத்தஞ்சில என்ன வேற?”

“இது பதினாலு பேர்ல. அதுவும் அச்சு மிஞ்சினதாலதான் இந்தப் பதினாலு. நாங்க தெரிஞ்செடுக்கல்ல, மண்ணும் பிறஸ்சும் தெரிஞ்செடுத்தது. மத்த நாப்பத்தி நாலும் எப்பிடியெண்டு எனக்குத் தெரியா. வீதமே போடமாட்டன்.”

முத்தலிப் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். குரல் இறங்கியது. “அஸ்ஹர், நாப்பத்தி நாலு பேர்ர அச்சு எங்க எண்டு கேட்டா என்ன எழுதப்போறீங்க?”

“தாட்டுட்டாங்க எண்டு.”

“கிறுக்கா உங்களுக்கு? ஆஸ்பத்திரிப் பதிவ வீட்ட குடுத்து, வீட்டார் மண்ணுக்குள்ள போட்ட எண்டு எழுதினா, கதிர மட்டுமில்ல, உங்களையும் எடுப்பானுகள். நாட்டு நிலைமையில அழிஞ்ச எண்டு எழுதுங்க. ஒருத்தனும் ஏன் எண்டு கேக்கமாட்டான். இந்த ஆஸ்பத்திரியில காணாமப் போனதுக்கெல்லாம் அதானே எழுதின.”

அதுவும் உண்மைதான். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் போனவையும் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தன. அதற்குப் பிறகு யாரோ வீட்டுக்குக் கொண்டுபோன மேசை விசிறியும் அப்படித்தான். கரையான் தின்ற கோப்புகளும், வாங்காமலே விட்ட ஏணியும் அதே வசனத்துக்குள்தான் இருந்தன. உண்மையில் எது சண்டையில் போனது என்று இனி ஒருவராலும் பிரித்தெடுக்க முடியாது.

“அந்த வசனத்த இதுக்கும் போட்டா, வாற வருஷமும் தாப்பாங்க சேர்,” என்றார் அஸ்ஹர்.

அறிக்கையை அன்றே சொல்லச் சொல்லப் பாக்கியராசா தட்டெழுதினார். பதிவு செய்தவர்கள் இத்தனை. முடிந்தவர்கள் இத்தனை. பாதியில் நின்றவர்கள் இத்தனை. இவர்களின் முடிவு தெரியாது. அளக்கப்பட்டவர்கள் பதினான்கு, அளந்தவர் சிகிச்சை செய்தவரே, அது ஒரு குறை. அளக்கப்படாதவர்கள் நாற்பத்து நான்கு. காரணம்: 1993 ஆகஸ்ட்டில் கீழே கையொப்பமிடுபவர் கொடுத்த எழுத்து அனுமதியின்படி அச்சுகள் வீட்டாரிடம் கொடுக்கப்பட்டன. அநேகர் தங்கள் வழக்கப்படி அவற்றைப் புதைத்தனர்.

பாக்கியராசா நிறுத்தினார். “கீழே கையொப்பமிடுபவர் நீங்கதானே சேர்?”

“ஓம்.”

“சரி. ஒருக்காக் கேட்டு வைப்பம் எண்டுதான்.”

கடைசி வசனம்: இனி ஒவ்வொருவருக்கும் இரண்டு அச்சு ஊற்றி, ஒன்றைக் குடும்பத்துக்குக் கொடுத்து, ஒன்றை ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டும். அதற்கு மாதாந்த பிளாஸ்டரை இரட்டிப்பாக்க வேண்டும்.

பதில் ஜனவரியில், ஒரு லொறியோடு வந்தது. லொறியில் இரும்பு அலுமாரி ஒன்று இருந்தது. நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். கடிதம் அரைப் பக்கம். அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிரிவு இன்னும் ஒரு வருடத்துக்கு இயங்கலாம். அடுத்த அறிக்கையில் முடிந்தவர்களில் பாதிப் பேராவது அளக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரிவு மூடப்படும். ‘பிரதேச நிலைமை காரணமாகப் பதிவுகள் அழிந்தமை வருத்தத்துக்குரியது. எனவே பாதுகாப்பான அலுமாரி ஒன்று வழங்கப்படுகிறது. மேலதிக பிளாஸ்டர் அவசியமென்று கருதப்படவில்லை.’

அஸ்ஹர் கடிதத்தை மேசையில் வைத்தார். அதன் மேல் கையை வைத்தார்.

முத்தலிப் அலுமாரியைத் தட்டிப் பார்த்தார். நல்ல இரும்பு. “நான் சொன்ன வசனத்தத்தான் அவனுகளும் போட்டிருக்கானுகள். நீங்க என்னத்த எழுதினாலும் அவனுகளுக்கு அதுதான் வாசிக்க வரும். விடுங்க. கதிரை தப்பிட்டு, அலுமாரியும் சும்மா வந்திரிக்கி.”

அந்தக் கிழமைதான் றஹீமாவின் சின்ன மகளுக்குக் கம்பி கழற்றும் நாள். கழற்றி, அச்செடுத்து, செல்லத்தம்பி பிளாஸ்டர் ஊற்றினார். முன்னதையும் பின்னதையும் பக்கத்தில் வைத்தார். றஹீமா பையை விரித்துக்கொண்டு நின்றார்.

“ராத்தா, இது இஞ்ச இருக்கட்டும். அடுத்த அறிக்கைக்கு எல்லாத்தையும் ஒண்டா வெச்சு அளக்கணும்.”

“எங்கட புள்ளட பல்லு. கண்டவன்ட கையில படுற இடத்தில வெக்கமாட்டன்.”

“இரண்டு ஊத்தித் தரலாம் எண்டு பாத்தன். பிளாஸ்டர் தரல்ல. இதையும் நீங்க தாட்டா வாற வருஷமும் நான் மண்வெட்டியோட வரணும். முப்பது தாய்மார் இரிக்காங்க. எல்லாரும் தாட்டா கதிரை போயிரும்.”

றஹீமா புது அலுமாரியைப் பார்த்தார். “இதுக்குப் பூட்டு இரிக்கா?”

“இரிக்கி.”

“தெறப்பு எத்தின?”

“இரண்டு.”

“அப்ப ஒண்ட இஞ்ச தாங்க.”

செல்லத்தம்பி இருமினார். சுல்பிகா கூரையைப் பார்த்தாள்.

“ஆஸ்பத்திரி அலுமாரித் தெறப்ப வெளியாக்களுக்குக் குடுக்கேலா ராத்தா.”

“ஆஸ்பத்திரிப் பல்ல வெளியாக்களுக்குக் குடுத்த நீங்கதானே?” என்றார் றஹீமா. “நான் தெறக்கமாட்டன். நான் இல்லாம நீங்களும் தெறக்கக் கூடாது. மத்தத் தாய்மாருக்கு நான் சொல்லிக்கொள்றன். அளக்கிற அண்டைக்குச் சொல்லியனுப்புங்க, வாறன். அளந்து முடிஞ்சா அந்தந்த வீட்டுக்குக் குடுத்திருங்க, அவக தாப்பாக. சரியா?”

ஒரு வருடம் பூட்டியிருந்து, அளந்த பிறகு மண்ணுக்குப் போகும். குழு கேட்டதும் அதுதான். ஒரு முழு நிமிடம் யோசித்தும் அஸ்ஹருக்கு அதில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தெறப்பு ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். றஹீமா அதை மணிப்பையில் போட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

பின்னேரம் பாக்கியராசாவைக் கூப்பிட்டார்.

“ஒரு திருத்தக் கடிதம். எழுதுங்க. ‘உங்கள் கடிதத்தின் இரண்டாம் பந்தியில் காட்டப்பட்ட காரணம் பிழை. பதிவுகள் பிரதேச நிலைமையால் அழியவில்லை. என்னுடைய அனுமதியால் கொடுக்கப்பட்டுப் புதைக்கப்பட்டன. அறிக்கையில் அவ்வாறே எழுதியிருந்தேன்.’”

“சேர், கதிரை தப்பிட்டு எண்டு பெரிய டொக்டர் சொன்னாரே. திரும்ப ஏன் வாயக் கிளறுவான்?”

“காரணம் பிழை எண்டா வாற வருஷம் இன்னொரு அலுமாரி வரும். எழுதுங்க. ‘அலுமாரிக்கு நன்றி. அது பாவனையில் உள்ளது. இரண்டாவது தெறப்பு நோயாளி ஒருவரின் தாயாரிடம் உள்ளது.’”

தட்டெழுத்து நின்றது.

“இதையும் எழுதவா சேர்?”

“எழுதுங்க.”

பாக்கியராசா எழுதினார். தாளை உருவி எடுத்து, கார்பன் பிரதியைப் பிரித்து, இரண்டையும் கையொப்பத்துக்கு வைத்தார்.

“திரும்ப மூண்டு பக்கக் கேள்வி வரும் சேர்,” என்றார்.

“வரட்டும்,” என்று அஸ்ஹர் பச்சைப் பேனாவைத் தேடினார்.